இல்லாத இஸ்பேட் பத்து

கோர்பினியன் ஸ்டாட்லரின் வேலை சீட்டு ஒட்டுவது. ஜெர்மனியின் பவேரியாவில் கடிகாரப் பழுது கற்றுக்கொண்டு கப்பலேறி வந்தவன், சான் பிரான்சிஸ்கோவில் மார்க்கெட் தெருவுக்குத் தெற்கே ஒரு சந்தில் இருந்த சூதாட்ட மிஷின் பட்டறையில் சேர்ந்தான். அது 1897. அப்போது அவனுக்கு வயது இருபத்துமூன்று. கல்யாணமாகி ஐந்து மாதம். மனைவி அஃப்ரா அதே ஊர்க்காரி.

அந்த நாளில் மிஷின் என்றால் சீட்டு மிஷின்தான். உள்ளே ஐந்து உருளைகள். ஒவ்வொரு உருளையிலும் பத்துச் சீட்டு ஒட்டியிருக்கும். நிக்கல் காசைப் போட்டுப் பிடியை இழுத்தால் ஐந்தும் சுழன்று நிற்கும். நல்ல கை விழுந்தால் கடைக்காரர் ஒரு சுருட்டோ ஒரு குவளை பீரோ தருவார். மிஷின் தன் வாயால் ஒரு காசும் தராது.

முதல் நாளே முதலாளி ஹாக் ஒரு பிஸ்கட் டப்பாவைக் காட்டினார். அதில் இரண்டே வகைச் சீட்டுகள் குவிந்து கிடந்தன. இஸ்பேட் பத்து, ஆர்ட்டின் ஜாக்கி.

"இதை ஒட்ட வேண்டாமா மாஸ்டர்?"

"ஐம்பத்திரண்ட அஞ்சால வகுத்துப் பாரு."

"மிச்சம் ரெண்டு வருது."

"அந்த மிச்சம்தான் டப்பாவுல கெடக்கு. கணக்குப் பண்ற பாவத்துக்கு நான் என்னப்பா பண்ண?"

பட்டறையே சிரித்தது. கோர்பினியனும் சிரித்தான். ஆனால் எந்த இரண்டை எடுப்பது என்று கணக்கு சொல்லவில்லையே என்பது அவனுக்கு உடனே உறைத்தது. ஒரே இனத்தில் பத்து, ஜாக்கி, ராணி, ராஜா, ஏஸ் ஐந்தும் சேர்ந்து விழுந்தால்தான் பெரிய பரிசு. இஸ்பேடில் பத்து கிடையாது. ஆர்ட்டினில் ஜாக்கி கிடையாது. பரிசுக்கு இருந்த நாலு வழியில் இரண்டு வழி பட்டறையிலேயே அடைபட்டுவிட்டது. அவன் கேட்கவில்லை. பசைக் கிண்ணத்தை இழுத்து வைத்துக்கொண்டு ஒட்ட ஆரம்பித்தான்.

அஃப்ராவின் அண்ணன் வெண்டலின் பீர் வண்டிக்காரன். லீஸல், ப்ராம் என்று சொந்தமாக இரண்டு குதிரைகள் வைத்திருந்தான். பெரிய உடம்பு, மெதுவான பேச்சு. எழுதப் படிக்கச் சரியாக வராது. ஆனால் எண்ணுவதில் அவனை அடிக்க ஆளில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் சென்சி அக்காவின் பீர்க் கடையில் நாலு பேர் சீட்டாட உட்காருவார்கள். வெண்டலின், கோர்பினியன், இறைச்சிக் கடை இக்னாஸ், ஒரு தச்சன். ஊரிலிருந்து கொண்டுவந்த முப்பத்திரண்டு சீட்டுக் கட்டு. அதில் இனங்களே வேறு: கருவாலிக் கொட்டை, இலை, இதயம், மணி. பாதி ஆட்டத்திலேயே யார் கையில் எது இருக்கிறது என்று வெண்டலின் சொல்லிவிடுவான். போன சீட்டு எதுவும் அவன் தலையை விட்டுப் போகாது.

அந்தக் கடைக்கும் ஒரு சீட்டு மிஷின் வந்தது. நாலு ஞாயிறு வெண்டலின் ஆட்டத்துக்கு நடுவில் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். ஐந்தாவது ஞாயிறு, முள்ளங்கிச் சீவலை உப்பில் தொட்டு வாயில் போட்டபடி சொன்னான்.

"அந்த மிஷின்ல இஸ்பேட் பத்து இல்ல."

இக்னாஸ் குவளையைக் கீழே வைத்தான். "என்னது?"

"இஸ்பேட் பத்து இல்லன்னேன். இன்னொண்ணும் இல்ல போலத் தெரியுது, அதை இன்னும் ரெண்டு வாரம் பாத்துட்டுத்தான் சொல்லணும். பத்து இல்லவே இல்ல."

"யோவ், அதைச் செய்யறவனே உன் பக்கத்துல உக்காந்திருக்கான். கேளேன்."

எல்லோரும் கோர்பினியனைப் பார்த்தார்கள். கல்லாவிலிருந்து சென்சி அக்காவும் பார்த்தாள். அஃப்ரா மூன்று மாதக் கர்ப்பம். பட்டறையில் மாஸ்டர், உள்ளே இருப்பதை வெளியே பேசினால் வாசலைக் காட்டிவிடுவேன் என்று சொல்லியிருந்தார். இவையெல்லாம் பிறகு அவன் தனக்குத் தானே சொல்லிக்கொண்ட காரணங்கள். அந்த நொடியில் இவை எதுவும் மனதில் இல்லை. மச்சான் சொன்னதை ஆமாம் என்றால் இந்தப் பார்வைகள் எல்லாம் எப்படி மாறும் என்பது மட்டும்தான் இருந்தது.

"இருக்கு மச்சான்" என்றான். "நாந்தான் ஒட்டினேன்."

"இருக்கா?"

"மூணாவது உருளையில. நீ பீர் குடிக்கத் தலையத் தூக்கினப்ப வந்திருக்கும்."

கடை அதிர்ந்தது. இக்னாஸ் மேசையைக் குத்திக் குத்திச் சிரித்தான். வெண்டலின் கோபப்படவில்லை. மிஷினைப் பார்த்தான், பிறகு தங்கை புருஷனைப் பார்த்தான். "நீ சொன்னா சரிதான் மாப்பிள்ளை" என்று சொல்லிவிட்டுச் சீட்டைக் கலைக்க எடுத்தான்.

அந்தச் சிரிப்பு அன்றோடு முடியவில்லை. வெண்டலின் துருப்பு எண்ணிச் சொன்னால் இக்னாஸ் உடனே கேட்பான்: "இஸ்பேட் பத்தையும் சேத்துத்தானே?" வண்டியில் பீப்பாய் ஏற்றும்போது மதுவாலை ஆட்கள் கேட்பார்கள்: "எத்தனை அண்ணே? கண்ணுக்குத் தெரிஞ்சது மட்டும் சொல்லுங்க." ஒரு கேலியை நூறு தடவை கேட்டால் யாருக்கும் கொஞ்சம் ஒட்டிக்கொள்ளும். வெண்டலின் பீப்பாய்களை இரண்டு தடவை எண்ண ஆரம்பித்தான். பிறகு மூன்று தடவை. சீட்டாடும்போது விரல்களை மேசைக்கு அடியில் மடக்கிக்கொள்வதை கோர்பினியன் பார்த்தான். பார்த்துவிட்டுத் தன் சீட்டுகளுக்குள் முகத்தை வைத்துக்கொண்டான். ஒன்றரை வருஷத்தில் ஒருநாள், வெளியே போய்விட்ட துருப்பு இன்னும் இருக்கிறதென்று நினைத்து வெண்டலின் ஆட்டத்தையே கவிழ்த்தான். யாரும் எதுவும் சொல்வதற்குள் தொப்பியை எடுத்துக்கொண்டு போனான். அடுத்த ஞாயிறு அவன் நாற்காலியில் ரொட்டிக் கடை ஷோபர் உட்கார்ந்தான்.

பட்டறையில் அதற்குள் காலம் மாறியிருந்தது. ஐந்து உருளை போய் மூன்று சக்கரம் வந்தது. சீட்டு போய்ப் படம் வந்தது. லாடம், நட்சத்திரம், ஆர்ட்டின், மணி. மூன்று மணியும் ஒரே வரிசையில் நின்றால் மிஷினே இருபது நிக்கலைக் கீழே இருக்கும் கிண்ணத்தில் கொட்டும். அந்தச் சத்தத்தைக் கேட்கவே ஆட்கள் கூடினார்கள். கோர்பினியன் இப்போது பசைக்காரன் இல்லை. சக்கரத்தின் பின்னால் இருக்கும் பல்வட்டத்தைத் தயாரிப்பவன். ஒவ்வொரு படத்துக்கும் ஒரு பள்ளம், மொத்தம் பத்து. ஒரு சிறிய இரும்பு விரல் எந்தப் பள்ளத்தில் விழுகிறதோ அந்தப் படம் கண்ணாடியில் நிற்கும்.

1902இல் ஒருநாள் மாஸ்டர் ஹாக் தலையைச் சொறிந்துகொண்டு வந்தார். "கடைக்காரங்க புலம்புறாங்க கோர்பி. மூணு மணி அடிக்கடி விழுதாம்."

அப்படி ஒன்றும் விழுந்துவிடாது. ஒரு சக்கரத்துக்கு ஒரு மணிதான், ஆயிரம் இழுப்புக்கு ஒரு தடவை விழுந்தால் அதிகம். இது கோர்பினியனுக்குத் தெரியும். ஆனாலும் வெள்ளிக்கிழமைக்குள் பித்தளைத் துண்டு ஒன்றைப் பிறை மாதிரி ராவி எடுத்தான். நகத்தளவுதான். மூன்றாவது சக்கரத்தில் மணியின் பள்ளத்தில் அதைச் செருகினால் விரல் உள்ளே விழாது, வழுக்கி அடுத்த பள்ளத்துக்குப் போய்விடும். மணி கண்ணாடியைத் தாண்டிப் போகும். நிற்கவே நிற்காது.

மாஸ்டர் அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். "பூச்சி மாதிரி இருக்கேய்யா!" என்று சிரித்தார். அதற்கு அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. கோர்பினியனின் முதுகில் தட்டினார். அந்தத் தட்டு அவனுக்குச் சந்தோஷமாக இருந்தது. வாழ்நாளில் அவன் யாரிடமும் சொல்லாத வெட்கம் அதுதான். தான் சொன்ன பொய்யைக்கூடப் பின்னால் ஒருநாள் ஒப்புக்கொண்டான். அன்று பட்டறையிலிருந்து சீட்டி அடித்தபடி வீட்டுக்கு நடந்ததைச் சொன்னதே இல்லை.

சென்சி அக்காவின் கடைக்கும் புது மிஷின் வந்தது. கொண்டுபோய் வைத்தவன் கோர்பினியன். அக்கா கேட்டாள்.

"பூச்சி போட்டிருக்கியா?"

"போட்டிருக்கேன்."

"நல்ல பிள்ளை. போன மாசம் ஒரு கப்பல்காரனுக்கு மூணு மணி விழுந்துச்சுன்னு சொல்லிக்கறேன். நீயும் அப்படியே சொல்லு."

சீட்டு மேசைப் பக்கம் எட்டிப் பார்க்காத வெண்டலின், இந்த மிஷினுக்காகத் திரும்ப வந்தான். ஞாயிறு முழுக்க அதன் எதிரில் நின்றான். பிறகு வார நாட்களிலும் பீப்பாய் இறக்கிவிட்டு நின்றான். முதலில் கோர்பினியனுக்கு நிம்மதியாகத்தான் இருந்தது, மச்சான் மறுபடி ஆட்களோடு சேர்கிறான் என்று. ஒருநாள் பக்கத்தில் போய் நின்றான்.

"என்ன மச்சான், காசு கரையுதா?"

"காசு கெடக்கட்டும். மூணாவதுல மணி வரல மாப்பிள்ளை. ரெண்டு மாசமா பாக்கறேன். ஒரு தடவகூட நிக்கல."

மறுபடியும் கண்டுபிடித்துவிட்டான். பேப்பரும் பென்சிலும் இல்லாமல், வெறும் கண்ணால்.

வெண்டலின் தொடர்ந்தான். "முன்னாடி மாதிரி இருந்தா, மணி இல்லவே இல்லன்னு வாய விட்டிருப்பேன். அன்னைக்குப் பட்டது போதும். என் கண்ணுல படலன்னா இல்லன்னு அர்த்தமில்ல. நீதான் புரிய வச்ச. இது கட்டுச் சீட்டு மாதிரிதான், போனதெல்லாம் போயிருச்சு, வராதது உள்ளதான் இருக்கு. மணி வேற, நம்ம ஊர்ச் சீட்டு. வரும்."

அவன் மறுபடி கலைக்காத கட்டிலிருந்து ஒவ்வொரு சீட்டாக எடுப்பது போல நினைத்துக்கொண்டிருந்தான். ஒவ்வொரு இழுப்பிலும் சக்கரம் எல்லாவற்றையும் புதிதாகக் கலைக்கிறது என்பது சீட்டாட்டக்காரனின் புத்திக்கு எட்டவில்லை. மூன்று மணி விழுந்தால் கிடைப்பது இருபது நிக்கல், ஒரு டாலர். அவனுக்கு வேண்டியது அதுவும் இல்லை. இக்னாஸ் பார்க்க, ஷோபர் பார்க்க, தான் எதிர்பார்த்தது கண்ணாடியில் வந்து நிற்க வேண்டும். அவ்வளவுதான்.

வசந்தத்தில் ப்ராமை விற்றான். ஒற்றைக் குதிரையால் பாதிச் சுமைதான் இழுக்க முடியும், மதுவாலைக்காரர்கள் பாதி வேலைதான் கொடுத்தார்கள். அஃப்ரா அழுதாள். "எங்கண்ணனுக்கு என்னமோ ஆயிடுச்சுங்க. நீங்களாவது சொல்லக் கூடாதா? மிஷினைப் பத்தி உங்களுக்குத்தானே தெரியும்?"

"சொல்றேன்" என்றான் கோர்பினியன்.

சொல்லவில்லை. அதற்குப் பதிலாக ஒரு வழி கண்டுபிடித்தான். சனிக்கிழமை மத்தியானம் எண்ணெய் போடுவதாகச் சொல்லி மிஷினைத் திறந்து பூச்சியைப் பிடுங்கிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான். இனி மணி விழும். மச்சானுக்கு ஒருநாள் மூன்றும் விழும். யாரும் யாரிடமும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. ஆறு வருஷத்தில் அவன் நன்றாகத் தூங்கிய ராத்திரி அதுதான்.

மறுநாள் காலை, பூசை முடிந்து கடை நிறைந்திருந்தது. தட்டில் வெள்ளைத் தொத்திறைச்சி ஆவி விட்டுக்கொண்டிருந்தது. வெண்டலின் இழுத்த பன்னிரண்டாவதோ பதின்மூன்றாவதோ இழுப்பில், லாடம், நட்சத்திரம், அதற்குப் பக்கத்தில் மணி.

"மணி!" அவன் போட்ட சத்தத்தில் குவளைகள் நின்றன. "இக்னாஸ்! வந்து பாரு! மூணாவதுல மணி!"

"மத்த ரெண்டுல இல்லியேய்யா" என்றான் இக்னாஸ்.

"மூணாவதுல வரவே வரலய்யா இத்தனை நாளா! உள்ளதான் இருந்திருக்கு. என் மாப்பிள்ளை அன்னைக்கே சொன்னான், கண்ணுல படலன்னா இல்லன்னு ஆகாதுன்னு." அவன் கண்கள் கலங்கியிருந்தன. கூட்டத்தில் கோர்பினியனைத் தேடிப் பிடித்துத் தலையை அசைத்தான், நன்றி சொல்கிற மாதிரி. பிறகு இக்னாஸ் பக்கம் திரும்பினான். "லீஸலைக் கேட்டுக்கிட்டே இருந்தியே. நீ சொன்ன வெலைக்கே எடுத்துக்க."

"உண்மையாவா? அப்புறம் வண்டிய நீயா இழுப்ப?"

"அந்தக் காசுல இன்னும் ஒரு மாசம் விடாம நின்னா மூணும் விழுந்துரும். அப்புறம் பாத்துக்கலாம். கைய நீட்டு."

மாட்டுச் சந்தையில் நடப்பது மாதிரிதான் அவர்களுக்குள் பழக்கம். விலை பேசி உள்ளங்கையோடு உள்ளங்கை அடித்துவிட்டால் முடிந்தது. அதன் பிறகு பாதிரியாரே வந்தாலும் மாற்ற முடியாது. இக்னாஸ் வேட்டை நாய் பாய்கிற மாதிரி கையை நீட்டினான். வெண்டலின் கையை ஓங்கினான்.

"அடிக்காத மச்சான்!"

கோர்பினியனுக்கே அது தன் குரல் மாதிரி இல்லை. எழுந்து நடுவில் போய் நின்றான். சட்டைப் பையிலிருந்து பித்தளைப் பிறையை எடுத்து மேசையில் வைத்தான்.

"மூணாவது சக்கரத்துல மணி நேத்து வரைக்கும் நிக்க வழியே இல்ல. இதை வச்சு நாந்தான் அடைச்சேன். நேத்து நாந்தான் எடுத்தேன். இது இல்லாட்டியும் மூணு மணி லேசுல விழாது. எவனுக்கும் விழாது."

"கோர்பி, வாய மூடு" என்றாள் சென்சி அக்கா. "என் கடையில வந்து என்ன உளர்ற?"

அவன் மூடவில்லை. இன்னொரு பையில் ஆறு வருஷமாக வைத்திருந்த ஒன்று இருந்தது. உருளையில் ஒட்டுவதற்காக வெட்டிய சின்னச் சீட்டு, ஓரம் மழுங்கி அழுக்கேறியிருந்தது. அதையும் பூச்சிக்குப் பக்கத்தில் வைத்தான். இஸ்பேட் பத்து.

யாரும் சிரிக்கவில்லை. வெண்டலின் குனிந்து பார்த்தான். தொடவில்லை.

"அப்ப அந்த மிஷின்ல..."

"இல்ல."

"அன்னைக்கும் இல்லியா?"

"எந்த மிஷின்லயும் இல்ல. ஆர்ட்டின் ஜாக்கியும் கிடையாது. நீ ரெண்டு வாரம் பாத்திருந்தா அதையும் சொல்லியிருப்ப."

"ஏன் மாப்பிள்ளை?"

வேலை, கர்ப்பம், மாஸ்டர் எல்லாம் தொண்டை வரை வந்தன. கோர்பினியன் அவற்றை விழுங்கினான். "உன்னப் பாத்து எல்லாரும் சிரிச்சாங்க. என்னை யாரும் பாக்கல. அது எனக்கு வசதியா இருந்துச்சு."

இக்னாஸ் நீட்டிய கையை மெதுவாக இறக்கிக் காற்சட்டையில் துடைத்துக்கொண்டான். "அப்ப நான் யாரைப் பாத்துய்யா சிரிச்சுக்கிட்டிருந்தேன்?" என்றான்.

"ஆறு வருஷம்" என்றான் வெண்டலின். விரல் மடக்கவில்லை, கண்ணை மூடவில்லை. "முந்நூத்துப் பன்னெண்டு ஞாயித்துக்கெழம."

பிறகு நாலு பேர் மேசைக்கு நடந்துபோய், கோர்பினியன் எழுந்து வந்திருந்த நாற்காலியில் உட்கார்ந்தான். ஷோபர் தன் நாற்காலியிலிருந்து பாதி எழுந்தான். "நீ உக்காரு, உன் மேல என்ன தப்பு" என்று சொல்லிவிட்டு வெண்டலின் சீட்டுக் கட்டை எடுத்துக் கலைத்தான். கோர்பினியன் கொஞ்ச நேரம் நின்றான். அவனுக்கு யாரும் சீட்டுப் போடவில்லை, யாரும் போகவும் சொல்லவில்லை. தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தான்.

வீட்டில் அஃப்ரா முழுவதையும் உட்காராமல் கேட்டாள்.

"எங்கண்ணன் முட்டை வாங்கிட்டு வந்தாக்கூட அவன் முன்னாடியே எடுத்து எண்ணினேன்" என்றாள். "பன்னெண்டு சரியா இருக்கும். ஒவ்வொரு தடவையும் சரியா இருக்கும். அப்பவும் எண்ணினேன். உங்களப் பாத்துக்கிட்டேதான எண்ணினேன்? நீங்க பேப்பர் படிச்சீங்க."

அவன் எதையும் மறுக்கவில்லை. ஒரு வாரம் அவள் குழந்தையோடு அண்ணன் வீட்டில் இருந்துவிட்டு வந்தாள். வந்த பிறகும் அதைப் பற்றி மறுபடி பேசவில்லை.

திங்கட்கிழமை மாஸ்டர் ஹாக் கணக்கை முடித்துக் கொடுத்தார். கோபம்கூடப் படவில்லை. "நீ போனா பூச்சியும் கூடவே போயிரும்னு நெனச்சியாய்யா?" என்று மட்டும் கேட்டார். அவர் சொன்னது சரி. கோர்பினியன் டிராம் பணிமனையில் சக்கரம் பார்க்கும் வேலைக்குப் போன பிறகும் மிஷின்கள் வளர்ந்துகொண்டே இருந்தன. படங்கள் பழங்களாயின. சூதாட்டமில்லை, மிட்டாய் விற்கிறோம் என்று சட்டத்துக்குக் காட்டப் பக்கத்தில் சூயிங்கம் கொடுத்தார்கள். பத்துப் பள்ளம் இருபது பள்ளமானது. வழியில் எந்தக் கடையில் பிடி இழுக்கும் சத்தம் கேட்டாலும் அவன் நடையை எட்டிப் போடுவான். திறந்து பார்க்காமலே அவனுக்கு உள்ளே தெரியும்.

1906 ஏப்ரலில் நிலநடுக்கம் வந்து, பின்னாலேயே தீ வந்தது. மார்க்கெட் தெருவுக்குத் தெற்கே எதுவும் மிஞ்சவில்லை. தீ இரண்டு தெரு தள்ளி இருக்கும்போது, கூப்பிடாமலே வெண்டலின் வண்டியோடு கோர்பினியன் வீட்டு வாசலில் வந்து நின்றான். லீஸலுக்கு வயதாகியிருந்தது. தீயைப் பார்த்து மிரளாமல் இருக்க அதன் கண்ணைத் துணியால் கட்டியிருந்தான். பேசாமல் மூட்டைகளை ஏற்றினான்.

"பதினொண்ணு" என்றான் கடைசியில்.

"பதினொண்ணு" என்றாள் அஃப்ரா, வண்டிப் பக்கம் திரும்பாமலே.

பூங்காவில் கூடாரம் போட்டு இருந்த மூன்றாவது ஞாயிறு, வெண்டலின் எங்கிருந்தோ ஒரு ஊர்ச் சீட்டுக் கட்டோடு வந்தான். பக்கத்துக் கூடாரத்திலிருந்து இக்னாஸ் வந்தான். மூட்டையைக் கவிழ்த்து மேசையாக்கினார்கள். வெண்டலின் கட்டை கோர்பினியன் முன்னால் தள்ளினான்.

"எண்ணு மாப்பிள்ளை. சத்தமா."

கோர்பினியன் ஒவ்வொன்றாக வைத்து எண்ணினான். "முப்பத்திரண்டு."

வெண்டலின் கட்டை வாங்கி மறுபடி தானே எண்ணினான். அவசரமே படவில்லை. பிறகுதான் போட்டான்.

அதன் பிறகு பத்தொன்பது வருஷம் அவர்கள் சேர்ந்து ஆடினார்கள். ஒவ்வொரு ஞாயிறும் கோர்பினியன் எண்ணுவான், வெண்டலின் திரும்ப எண்ணுவான். ஒரு தடவையும் தப்பியதில்லை. ஒரு தடவையும் வெண்டலின் எண்ணாமல் விட்டதில்லை.